நாங்கள் ஊரில், வண்டி கராஜில்

(ஸ்காபரோவில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ரொறன்ரோவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குப் போவதற்கு இரண்டு காலங்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்கள் ஆடி, ஆவணியில் போவார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் மனதில் வைத்துத்தான் பயணச்சீட்டே எடுப்பார்கள். ஓய்வுபெற்றவர்கள் மார்கழியில் புறப்படுவார்கள். சென்னையில் கச்சேரி கேட்டு, யாழ்ப்பாணத்தில் பொங்கலும் பொங்கி, இங்கே குளிர் தணிந்த பிறகு திரும்பலாம் என்பது அவர்கள் கணக்கு. பெரிய விலை கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு இரண்டு கிழமையில் திரும்பி வர யாருக்கும் மனம் வராது. ஆறு கிழமை, எட்டுக் கிழமை என்று நீளும்.

புறப்படும்போது தண்ணீர்க் குழாயை மூடுகிறோம். குளிர்சாதனப் பெட்டியை ஒழிக்கிறோம். கடிதங்களை எடுத்து வைக்கும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறோம். வண்டியை மட்டும் பூட்டிவிட்டு நடந்துவிடுகிறோம். வண்டி ஓடாமல் நிற்கிறது, அதற்கு என்ன வரப்போகிறது என்று நினைக்கிறோம். நான் வாகன மின்வேலை செய்கிறவன். பிளக்-இன் ஹைபிரிட் வண்டி வைத்திருப்பவர்கள் பயணத்துக்கு முன் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணை, பெரிய பற்றரி பழுதாகிப் போகுமோ? வயரைச் செருகிவிட்டுப் போகவோ, கழற்றிவிட்டுப் போகவோ?" அக்கறையான கேள்வி. ஆனால் அந்த அக்கறை போகவேண்டிய இடம் வேறு. திரும்பி வந்த இரவில் வண்டியைக் கிளம்பவிடாமல் செய்வது, யாரும் பேர் சொல்லிக் கேட்காத சின்னப் பற்றரிதான்.

இந்த வண்டிகளில் இரண்டு பற்றரிகள் இருக்கின்றன. ஒன்று சக்கரத்தைச் சுழற்றும் லித்தியம் அயன் பற்றரி. 2012இல் வந்த பிளக்-இன் பிரியஸில் அதன் கொள்ளளவு 4.4 கிலோவாற் மணி. பிறகு வந்த முதல் தலைமுறைப் பிரியஸ் பிரைமில் 8.8, ராவ்4 பிரைமில் 18.1. நம்மில் பல குடும்பங்கள் வைத்திருக்கும், இதே ஒன்ராறியோவில் வின்ட்சர் நகரில் செய்யப்பட்ட கிறைஸ்லர் பசிபிக்கா வானில் 16. வண்டியில் விலை கூடிய பாகங்களில் இதுவும் ஒன்று; ஆகவே எல்லோருக்கும் இதன்மேல்தான் கண்.

மற்றது 12 வோல்ற் பற்றரி. பெரும்பாலும் ஈய அமிலப் பற்றரி. 1859இல் பிரான்ஸ் நாட்டின் கஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த அதே வேதியியல். கதவுப் பூட்டு, திருட்டு எச்சரிக்கை, நீங்கள் பையில் வைத்திருக்கும் திறப்பின் சைகைக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் கருவி, உள்ளிருக்கும் கணினிகள் எல்லாம் இதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. இவை எல்லாவற்றையும் விட முக்கியமான வேலை ஒன்று இதற்கு இருக்கிறது. வண்டியை நிறுத்தியதும் பெரிய பற்றரியை மற்றப் பாகங்களிலிருந்து ரிலேக்கள் துண்டித்துவிடுகின்றன. நூற்றுக்கணக்கான வோல்ற் அல்லவா. நிற்கிற வண்டியில் அது நடமாடக்கூடாது. அந்த ரிலேக்களை மறுபடி மூடிப் பெரிய பற்றரியை இணைப்பதற்கு வேண்டிய மின்சாரம் சின்னப் பற்றரியிலிருந்து வர வேண்டும். அது வெறுமையாகிவிட்டால் பெரிய பற்றரி நிரம்பியிருந்தும் பயனில்லை, தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தும் பயனில்லை. களஞ்சியம் நிறைய நெல் கிடக்கிறது, திறப்புக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது, அப்படியான நிலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரண பெற்றோல் வண்டியின் பற்றரி இயந்திரத்தை உருட்டிக் கிளப்ப வேண்டும். அதற்காகவே அதைப் பெரிதாக வைக்கிறார்கள். ஹைபிரிட் வண்டியில் இயந்திரத்தைக் கிளப்புவது பெரிய பற்றரியின் வேலை. சின்னப் பற்றரிக்குக் கணினிகளை எழுப்பும் வேலை மட்டுந்தான் என்பதால் பலவற்றில் அதைச் சின்னதாகவே வைத்துவிட்டார்கள். தினமும் ஓடுகிற வண்டிக்கு அது நல்ல சிக்கனம். ஆறு கிழமை நிற்கிற வண்டிக்கு அதுவே வில்லங்கம்.

கணக்கைப் பார்ப்போம். பூட்டி நிறுத்திய வண்டி ஏறத்தாழ 20 முதல் 50 மில்லி அம்பியர் வரை இழுத்துக்கொண்டிருக்கும். நடுவாக 30 என்று வையுங்கள். நாளொன்றுக்கு 0.72 அம்பியர் மணி. 42 நாளில் 30 அம்பியர் மணிக்குச் சற்று மேல். புதுப் பற்றரி 45 அம்பியர் மணி கொள்ளும் என்றால் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. வண்டி கிளம்பினாலும் கிளம்பும். பற்றரிக்கு ஐந்து வயதாகி, அதன் உண்மைக் கொள்ளளவு முப்பதாகச் சுருங்கியிருந்தால் கிளம்பாது. ஒருவர் "போன வருசமும் இப்படித்தான் விட்டுவிட்டுப் போனேன், ஒன்றும் ஆகவில்லை" என்பதும், அவர் பக்கத்து வீட்டுக்காரர் அதே வண்டியை அதே அளவு காலம் விட்டுவிட்டுப் போய் வந்து திண்டாடுவதும் இதனால்தான். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள்.

இது எதையும் கூடுதலாகப் பூட்டாத வண்டியின் கணக்கு. முன்கண்ணாடியில் கமரா வைத்திருக்கிறீர்களா? வண்டி நிற்கும்போதும் படம் பிடிக்கும்படி அதை அமைத்திருந்தால் அது ஒன்றே 250 மில்லி அம்பியர் இழுக்கக்கூடும். ஒரு நாளைக்கு 6 அம்பியர் மணி. நீங்கள் கொழும்பில் இறங்கி உறவினரைச் சந்தித்து முடிக்கும் முன்னே, ஒரு கிழமைக்குள், பற்றரி கிடையாகக் கிடந்துவிடும். பயணத்துக்கு முன் அதன் வயரைக் கழற்றுங்கள். ஸ்ரியறிங்குக்குக் கீழே சோதனைத் துளையில் செருகும் சிறு கருவிகள், ஓட்டும் பழக்கத்தைக் கணக்கிடக் காப்புறுதிக்காரர் கொடுப்பவை போன்றவை, அவற்றையும் கேட்டறிந்து கழற்றுங்கள்.

கைத்தொலைபேசிச் செயலியைப் பற்றியும் சொல்லவேண்டும். வண்டியின்மேல் பாசம் உள்ளவர்கள் கோண்டாவிலில் முற்றத்தில் இருந்துகொண்டு "வண்டி எப்படி இருக்கிறது" என்று செயலியைத் திறந்து பார்ப்பார்கள். அப்படிக் கேட்கும்போது பல வண்டிகளில் தூங்கிக்கொண்டிருந்த கணினிகள் விழித்து, விடை அனுப்பி, பிறகு மெல்ல மெல்லத் தூங்கப் போகின்றன. அந்த நேரமெல்லாம் இழுப்பு பல மடங்கு. நாளுக்கு நாலு தரம் நலம் விசாரித்தால் அந்த விசாரிப்பே பற்றரியைக் குடித்துவிடும். பார்க்காமல் இருங்கள். அதேபோல, திறப்பைக் கராஜ் சுவரில் வண்டிக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். திறப்பும் வண்டியும் ஒன்றையொன்று உணர்ந்துகொண்டே இருக்க இடம் கொடுக்கக்கூடாது. மூடியுள்ள தகரப் பேணிக்குள் திறப்பைப் போட்டு வீட்டின் உட்பக்கம் வைத்தால், சைகையை நீட்டித்து வண்டி திருடுபவர்களுக்கும் வழி அடைபடும். திறப்பில்லாமலே வண்டி தூக்கும் திருட்டு இந்தப் பெருநகரில் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வயரைச் செருகிவிட்டுப் போனால் சின்னப் பற்றரியும் நிரம்பிக்கொண்டிருக்காதா? நியாயமான எண்ணம், ஆனால் நம்பிவிடக்கூடாது. பெரும்பாலான வண்டிகளில் பெரிய பற்றரி சார்ஜ் ஆகும் நேரத்தில் சின்னதுக்கும் ஊட்டம் கிடைக்கிறது. பெரியது நிரம்பியதும் ரிலேக்கள் விலகிவிடுகின்றன, வண்டி தூங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு வயர் செருகியிருந்தாலும் சின்னப் பற்றரி தனியாள்தான். ஹூண்டாய் போன்ற சில நிறுவனங்கள் தங்கள் சில வண்டிகளில், சின்னது தளரும்போது பெரியதிலிருந்து தானாகவே ஊட்டும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. உங்கள் வண்டியில் அது உண்டா, எந்த நிபந்தனையில் வேலை செய்கிறது என்பதைக் கையேடுதான் சொல்லும்.

கையேட்டுக்கு நான் மிகவும் மதிப்புக் கொடுக்கிறவன். செவ்ரோலே வோல்ற் வண்டியின் கையேடு இந்த விசயத்தில் நேர்த்தியானது. 2019இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டாலும் நம் தெருக்களில் இன்னும் அது ஓடுகிறது. நான்கு கிழமை வரை நிறுத்துவதானால் வயரைச் செருகிவிட்டுப் போ என்கிறது. நான்கு கிழமையிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை என்றால் சொல்வது நேர்மாறு: பெரிய பற்றரியின் அளவுகாட்டியில் இரண்டு மூன்று கோடு மிஞ்சும் வரை ஓட்டி இறக்கு, வயரைச் செருகாதே, வெப்பம் -10 பாகைக்கும் 30 பாகைக்கும் இடைப்பட்ட இடத்தில் நிறுத்து, 12 வோல்ற் பற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றிவிட்டு அதற்குத் தனியாக ஒரு மெதுச் சார்ஜரைப் பூட்டு. பெரியதை அரைவயிற்றோடு தூங்க விடு, சின்னதுக்குத் தனியாக ஊட்டு. என் அனுபவத்தில் மற்ற வண்டிகளுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. உங்கள் கையேடு வேறாகச் சொன்னால் கையேட்டைக் கேளுங்கள்.

பெரியதை ஏன் நிரப்பி வைக்கக்கூடாது? லித்தியம் பற்றரிக்குள், கரியாலான முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்திருக்கிறது. அது தேவையானதுதான். ஆனால் பற்றரி முழுமையாக நிரம்பியிருந்து வெப்பமும் கூடினால் அந்தப் படலம் தடிக்கத் தொடங்குகிறது; தடிக்கத் தடிக்க லித்தியத்தை அது விழுங்கிவிடுகிறது. விழுங்கியது திரும்பி வராது. ஆகவே ஆடி மாத வெய்யிலில், தார் கொதிக்கும் முற்றத்தில், 100 விழுக்காடு நிரம்பிய வண்டி ஆறு கிழமை நிற்பதுதான் பெரிய பற்றரிக்குப் பெருங்கெடுதல். கோடையில் போகிறவர்கள் கட்டாயம் நிழலில் அல்லது கராஜில், அரைவாசி சார்ஜோடு விடுங்கள். முற்றாக இறக்கியும் விடாதீர்கள். நிற்கும்போது பெரிய பற்றரி தானாக இழப்பது மாதத்துக்கு மிகச் சில விழுக்காடுதான். ஆகையால் அரைவாசியில் விட்டுப்போனது வெறுமையாகிவிடுமோ என்று ஊரில் இருந்து கவலைப்பட வேண்டாம். வண்டியைச் செய்தவர்களும் காவல் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். முதல் வோல்ற் வண்டியில் 16 கிலோவாற் மணிப் பற்றரியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் ஓட்டுநருக்குத் தந்தார்கள். மேலும் கீழும் எஞ்சியது பற்றரியின் ஆயுளுக்கு விட்ட இடம்.

மாரிகாலத்தில் நிலைமை திரும்பிவிடுகிறது. நிற்கிற பெரிய பற்றரிக்குக் குளிர் பெரிய பகையில்லை. சின்னதுக்குத்தான் ஆபத்து. முழுச் சார்ஜில் இருக்கும் ஈயப் பற்றரியின் அமிலம் ரொறன்ரோவின் எந்தக் குளிரிலும் உறையாது. சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்துத் தண்ணீராகிக்கொண்டே போகிறது. வெறுமையான பற்றரி -10 பாகைக்கு அண்மையிலேயே உறைந்துவிடும். தை மாத இரவில் இங்கே அது சாதாரணக் குளிர். உறைந்தால் உள்ளே தகடுகள் வளையும், கூடு வெடிக்கும். அந்தப் பற்றரியை மீட்க வழியில்லை. உறையாமல் தப்பினாலும், கிழமைக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிப் படிந்துவிடும். சார்ஜ் போட்டால் வோல்ற்றளவு ஏறியதுபோல் தெரியும். கொள்ளளவு திரும்பி வராது.

வழி என்ன? கராஜில் மின்செருகி இருந்தால் பராமரிப்புச் சார்ஜர் ஒன்று வாங்குங்கள். சிறிய பெட்டி; நிரம்பியதும் தானாக அடங்கி, குறையும்போது மட்டும் ஊட்டும். பிரியஸ் போன்ற பலவற்றில் உள்ள பற்றரி அமிலத்தை நார்ப்பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை. அந்த வகைக்கான அமைப்புச் சார்ஜரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஹூண்டாய், கியா நிறுவனங்களின் சில ஹைபிரிட் வண்டிகளில் 12 வோல்ற் பகுதியும் லித்தியந்தான்; அவற்றுக்கு ஈயப் பற்றரியின் சார்ஜரைப் பூட்டக்கூடாது. அவற்றில் சார்ஜ் இறங்கினால் பற்றரி தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். ஸ்ரியறிங்குக்கு இடப்பக்கம் இருக்கும் பொத்தானை அமுக்கினால் மீண்டும் இணையும். இப்படி ஒரு பொத்தான் இருப்பது தெரியாமலே இழுவை வண்டிக்குப் பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுக்குமாடியின் நிலத்தடியில் நிறுத்துகிறவர்களுக்குச் செருகி கிடைக்காது. அவர்கள் சின்னப் பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றிவிட்டுப் போகலாம். வண்டியை முற்றாக நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, கறுப்பு வயரை மட்டும் கழற்றி, முனையைத் துணியால் சுற்றி விலக்கி வையுங்கள். மணிக்கூடும் வானொலி நிலையங்களும் அழிந்துபோகும், திருட்டு எச்சரிக்கையும் வேலை செய்யாது, அவ்வளவுதான் இழப்பு. ஆனால் பற்றரி டிக்கியில் இருக்கும் வண்டிகளில் ஒரு பொறி இருக்கிறது. பிரியஸில் டிக்கிக் கதவு மின்சாரத்தால் திறப்பது. வயரைக் கழற்றிவிட்டுக் கதவை அறைந்து மூடினால் பிறகு அதை வெளியிலிருந்து திறக்க முடியாது. பின் இருக்கையைத் தாண்டி உள்ளே தவழ்ந்து அவசர நெம்பைத் தேடவேண்டும். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்பதை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

மூன்றாவது வழி, இங்கே இருக்கும் மச்சானிடமோ மருமகனிடமோ திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவது. நம்மவர் அதிகம் செய்வது இதுதான். பிழையாகச் செய்வதும் இதைத்தான். "கிழமைக்கு ஒருக்கால் ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணிவிடு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஐந்து நிமிடத்தில் பற்றரிக்கு ஒன்றும் ஏறாது. பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை மட்டும் அமுக்கி வானொலி கேட்டுக்கொண்டிருந்தால் இருந்ததும் போய்விடும். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கி, 'ரெடி' என்ற எழுத்து வந்ததா என்று பார்க்க வேண்டும். அது வந்தால் பெரிய பற்றரி சின்னதுக்கு ஊட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இயந்திரச் சத்தம் வரவேண்டியதில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் அப்படி விட்டால் போதும். அந்தப் பத்து நாளில் இழந்தது ஏழு அம்பியர் மணிதான். அந்த ஒரு மணி நேரத்தை எங்கேயாவது ஓட்டிப்போய் வருவதில் செலவழித்தால் இன்னும் நல்லது. ரயருக்கும் பிரேக்குக்கும் சேர்த்துப் பயன்.

இந்த இடத்தில் நான் குரலை உயர்த்தித்தான் சொல்லவேண்டும். 'ரெடி' நிலையில் விட்ட பிளக்-இன் ஹைபிரிட் சத்தமில்லாமல் இருக்கிறது என்று கராஜ் கதவை மூடிவிட்டு வீட்டுக்குள் போகாதீர்கள். பெரிய பற்றரி இறங்கினாலோ, குளிர் கடுமையானாலோ, முன்கண்ணாடிக்குச் சூடு போட்டிருந்தாலோ இயந்திரம் யாரையும் கேட்காமல் தானே கிளம்பும். மூடிய கராஜில் காபன் மொனொக்சைட் நிரம்பும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எத்தனை வீடுகளில் கராஜுக்கு மேலேயே படுக்கையறை இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். இப்படியான வீடுகளில் அந்த வாயுவை உணர்ந்து அலறும் கருவி இருக்கவேண்டும் என்பது 2014 முதல் ஒன்ராறியோவில் சட்டம். கருவி இருந்தாலும், வண்டியை வெளியே எடுத்து நிறுத்திய பிறகே 'ரெடி' போடச் சொல்லுங்கள். உதவிக்கு வருபவருக்கு இதைச் சொல்லாமல் திறப்பைக் கொடுக்காதீர்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோல் இரண்டு மாதத்தில் கெடாது. தாங்கியை நிரப்பி வைத்தால் ஈரம் படிய இடம் குறையும். ரயரில் காற்றைச் சரியான அளவுக்கு நிரப்புங்கள்; வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை இறங்கினால் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும். மாரியில் போகிறவர்கள் புறப்படுமுன் வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவி உப்பை அகற்றி, கொஞ்சம் ஓட்டிப் பிரேக்கைக் காயவிட்டு நிறுத்துங்கள். இருக்கைக்கடியில் கிடக்கும் மிக்சர்ப் பொட்டலத்தை எடுத்துவிடுங்கள். எலிக்குச் சூடான இடமும் சாப்பாடும் சேர்ந்து கிடைத்தால் அடுத்து வயரைத்தான் கடிக்கும். நகரத் தெருவில் விட்டுவிட்டுப் போக நினைக்கவே வேண்டாம். அனுமதிச்சீட்டு இல்லாத இடத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்த ரொறன்ரோவில் இடமில்லை.

புறப்படுவதற்கு முன் உங்கள் வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து, திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். 2022 பெப்ரவரியில் 2017, 2018ஆம் ஆண்டுப் பசிபிக்கா பிளக்-இன் வான்களைத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்தார். ஓடாமல் நிற்கும்போதும் தீப்பற்றக்கூடும் என்பது காரணம். திருத்தும் வரை சார்ஜ் செய்யவேண்டாம், கட்டடங்களிலிருந்து தள்ளி வெளியே நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களிடம் சொன்னார்கள். 2024இல் 2021 வரையான வான்கள் சிலவற்றுக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. அவ்வாறான வண்டி ஒன்றைக் கராஜில் செருகி வைத்துவிட்டுக் குடும்பமாக ஊருக்குப் போவதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை. சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

எல்லாம் செய்தும் திரும்பி வரும்போது வண்டி பேசாமல் கிடந்தால் பதறவேண்டாம். திறப்புப் பேழைக்குள் ஒரு சின்ன உலோகத் திறப்பு ஒளிந்திருக்கும். அதனால் ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். பொனெற் கம்பி இழுப்பில் திறக்கும், அதற்கு மின்சாரம் வேண்டாம். பற்றரி பின்னால் இருக்கும் வண்டிகள் பலவற்றில் உதவி மின்சாரம் கொடுக்கும் முனை ஒன்றைப் பொனெற்றின் கீழ், பியூஸ் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். கணினிகளை எழுப்பினால் போதும் என்பதால் கைக்குள் அடங்கும் லித்தியம் பூஸ்ரரே காணும். சிவப்பையும் கறுப்பையும் மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஒரு கணம் மாறினாலும் எரியும் பாகங்களின் விலை ஊர்ப் பயணச்சீட்டைத் தாண்டும். பற்றரி உறைந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் மின்சாரமே கொடுக்காதீர்கள். கிளம்பிய பின் அன்றைக்கு ஓடியதோடு விட்டுவிடாமல், இரவில் சார்ஜரைப் பூட்டி முழுதாக நிரப்புங்கள். நிரப்பிய பற்றரி ஓர் இரவு சும்மா கிடந்த பிறகு 12.6 வோல்ற் காட்டவேண்டும். மறுபடி மறுபடி 12.2க்குக் கீழே விழுந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. அதே வகையை, வாயு போகும் குழாய் உள்ளதானால் அந்தக் குழாயோடு சேர்த்துப் பூட்டச் சொல்லுங்கள்.

என் பகுதி இவ்வளவுதான். வண்டிக் கையேட்டைக் கொண்டு வந்திருப்பவர்கள், நீண்ட நாள் நிறுத்துவது பற்றிய பக்கத்தை எடுத்து வையுங்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்போம்.